மாமிக்கு நீயே போய்ச் சொன்னாயா?

தம்பி,

இதைப் பிரிக்க முன்னர் உறையின் பின்பக்கத்தைப் பார்த்தாயா? ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக என் கையெழுத்தை வைத்திருக்கிறேன். அதன் இரண்டு பாதியும் நேராகப் பொருந்தாவிட்டால், உன் அம்மா திறந்து வாசித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை. நானே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், பெரிய தபால் கந்தோரில் போடப்போகிறேன். நானே என்று எழுதிவிட்டேன், பார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இன்னும் சில கிழமைகளில் நீ மாப்பிள்ளையாகி மணவறையில் இருக்கப்போகிறாய், அதற்குள் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். கோல் எடுத்தால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நான் எழுதும் நீளமான விஷயங்களுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைத்தான் அனுப்புகிறாய். அந்தக் கட்டைவிரலுக்குச் சரி என்று அர்த்தமா, போதும் என்று அர்த்தமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாதல்லவா, ஆகவே இருந்து வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்புக்குத் திரும்பிய பிறகு, மாமிக்குக் கல்யாணக் கார்ட் கொடுத்துச் சொன்னாயா என்று உன்னிடம் கேட்டேன். நீ ஆங்கிலத்தில் பதில் போட்டாய்: ‘ஐ டோல்ட் ஹேர் மைசெல்ஃப், அப்பா. டோன்ட் வொரி.’ நான் உன்னிடம் கேட்டது ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வி. சொன்னேன் என்றாலே போதும். நீ மைசெல்ஃப் என்ற சொல்லையும் சேர்த்தாய், அதற்கு மேல் கவலைப்பட வேண்டாம் என்றும் சேர்த்தாய். நான் அப்போது கவலைப்படவே தொடங்கியிருக்கவில்லை. உன் செய்தியை வாசித்த பிறகுதான் தொடங்கினேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன். இந்த மைசெல்ஃப், ஹிம்செல்ஃப், ஹேர்செல்ஃப் கூட்டத்தைப் பற்றி வகுப்பில் ஒரு சின்ன வழி வைத்திருந்தேன். கரும்பலகையில் இரண்டு வசனம் எழுதுவேன். ஒன்று, ‘ஹி ஹேர்ட் ஹிம்செல்ஃப்’. இரண்டாவது, ‘த பிரின்சிபல் ஹிம்செல்ஃப் ஓப்பின்ட் த கேட்’. பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அந்தச் சொல்லின் மேல் கையை வைத்து மறைக்கச் சொல்லுவேன். முதல் வசனத்தில் மறைத்தால், அவன் காயப்படுத்தினான் என்பதோடு நின்றுவிடும். யாரை என்று கேட்கத் தோன்றும், வசனம் அந்தரத்தில் தொங்கும். இரண்டாவதில் மறைத்தால் ஒன்றும் குறையாது. அதிபர் கேற்றைத் திறந்தார், அவ்வளவுதான். அப்படியானால் அந்தச் சொல் அங்கே எதற்கு என்று கேட்பேன். வழக்கமாகக் கேற்றைத் திறப்பது காவலாளி, அதிபர் திறந்தார் என்றால் கேட்பவன் நம்பமாட்டான், அதற்காகத்தான் அழுத்திச் சொல்கிறோம் என்று விளங்கப்படுத்துவேன். பெயருக்குப் பக்கத்திலேயே வைத்தால் வேறு யாருமல்ல, அந்த ஆளேதான் என்று அழுத்தம். வசனத்தின் கடைசியில் வைத்தால் அநேகமாக, ஆளை அனுப்பாமல், ஒருவரின் உதவியும் இல்லாமல் தானே செய்ததாக அழுத்தம். நீ கடைசியில் வைத்திருந்தாய். ஆளை அனுப்பவில்லை, தபாலில் போடவில்லை, நேரே போய்ச் சொன்னேன் என்பதுதான் உன் வசனத்தின் பொருள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

இலக்கணம் அந்த இடத்தோடு நின்றுவிடும். மிச்சத்தை நான் வாழ்க்கையில் படித்தேன். கேட்பவன் நம்பமாட்டான் என்ற பயம் சொல்பவனுக்கு இருந்தால்தான் அந்தச் சொல் வரும். அவன் ஏன் பயப்பட வேண்டும் என்று நான் யோசிப்பேன். குண்டசாலையில் நாங்கள் வீட்டுக்கு மேல்தட்டுப் போட்டபோது மேசன் பாஸ் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? “நானே பக்கத்துல நின்னு ஊத்துறேன் சேர், நீங்க நிம்மதியா ஸ்கூலுக்குப் போங்க” என்றார். கொன்கிறீட் ஊற்றிய அன்று மத்தியானம் எனக்கு நிம்மதி வராமல் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அவர் அடுத்த சந்தியில் இன்னொரு வீட்டில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். குளியலறை மூலையில் இன்றைக்கும் ஒரு வாளி இருக்கிறது, மழை பெய்தால் நிரம்புகிறது. இப்போது உன் கல்யாண ஹோல் முகாமையாளரையே எடுத்துக்கொள். எங்கள் சமையல் முழுக்கச் சைவம், பாத்திரம் வேறாக இருக்கவேண்டும் என்று நான் சொன்னதும், ‘த ஷெஃப் ஹிம்செல்ஃப் வில் சூப்பர்வைஸ், சேர்’ என்றார். நல்லது, ஷெஃப்பின் பெயர் என்ன என்று கேட்டேன். பெயரை விசாரிக்க உள்ளே போனவர் பிளேன்டீயோடு திரும்பி வந்தார், பெயர் வரவில்லை. நீயும் மருமகளும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் அந்தச் சமையலறைக்கு இன்னொரு தடவை சொல்லாமல் போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.

கார்ட் விஷயத்தில் எங்கள் ஆட்கள் எப்படி என்று உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், கொழும்பில் இருந்து நீ எல்லாவற்றையும் படமாக எடுத்து அனுப்பப் பழகிவிட்டாய். கல்யாணத்துக்குச் சொல்வதென்றால் ஆள் வரவேண்டும். கார்ட் எவ்வளவு தடிப்பாக, பொன்னிற எழுத்தோடு இருந்தாலும், அது ஆளோடு வந்தால்தான் அழைப்பு. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், தபால் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போனால், அந்தக் குடும்பம் உயிர் போனாலும் வராது. பிறகு வருடக்கணக்காக, சொல்லாத கல்யாணம் என்று கதைப்பார்கள். அதனால்தான் இந்தக் கிழமைகளில் நானும் அம்மாவும் ஓட்டோவில் ஏறியிறங்கி, வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கதிரையிலும் இருந்து ஒவ்வொரு பிளேன்டீயும் குடித்து, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். நானே முதல் ஆளாய் வந்து வாசலில் நிற்பேன் என்று சொன்னவர்களையெல்லாம் மனதுக்குள் சந்தேகத்துக்குரியவர்களாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். வருகிறோம் என்று மட்டும் சொன்னவர்களுக்குத்தான் சாப்பாடு சொல்லப்போகிறேன். அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை.

ஆனால் மாமியின் கார்ட்டை மட்டும் நாங்கள் தொடவில்லை. உன் பங்குக் கார்ட்டுகளோடு சேர்த்து உன்னிடம் தந்தேன். நீதான் போகவேண்டும் என்றேன். நாங்கள் போனால் அது தம்பியும் தம்பி பெண்சாதியும் வந்ததாக இருக்கும். அவர் எங்களை எதிர்பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அதனால்தான் நீ அந்தக் கார்ட்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் மாமி, என் அக்கா, கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த காலம் முழுக்க எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் கட்டவில்லை. நானும் அம்மாவும் இரண்டு திசையில் இருந்த பள்ளிக்கூடங்களுக்கு ஓடியபோது, உன்னைக் குளிப்பாட்டிச் சப்பாத்துக் கட்டி, கண்டி பஸ்ஸில் ஏற்றி, மற்றவர்களோடு சண்டை பிடித்து உனக்கு யன்னல் பக்கம் இடம் வாங்கித் தந்தவர் அவர். பின்னேரங்களில் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒழுங்கையில் நின்று உனக்குப் பந்து போட்டவரும் அவர்தான். கிரிக்கெட் என்றால் அவருக்குப் பைத்தியம், அது உனக்கும் தொற்றியது. எனக்குத் தொற்றவில்லை. நீங்கள் இருவரும் டிவிக்கு முன்னால் இருந்து போடும் சத்தத்தில் நான் விடைத்தாள் திருத்த முடியாமல் குசினிக்குப் போய் அடுப்படியில் இருந்திருக்கிறேன்.

பிறகு கொரோனா வந்தது. நீ கொழும்பு அறையை விட்டுவிட்டு இங்கே வந்து, முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தாய். டிவியும் முன்னறையில். மாமி சத்தத்தைக் குறையுங்கோ என்று நீ சொல்வதும், அவர் குறைப்பதும், பிறகு மறந்து கூட்டுவதுமாகக் கொஞ்சக் காலம் போனது. அவருக்குக் காதும் அப்போதுதான் மந்தமாகத் தொடங்கியிருந்தது. ஒரு நாள், ஏதோ ஆட்டத்தின் கடைசி ஓவர், நீ எழும்பி வந்து சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்பப் போய்க் கதிரையில் இருந்து உன் ஆட்களோடு ஆங்கிலத்தில் கதைத்தாய். அவர் அந்தக் கறுத்த டிவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஊரடங்கு தளர்ந்ததும் பல்லேகலையில், விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்ன வீட்டை அவர் வாடகைக்கு எடுத்துவிட்டார். ஏன் அக்கா என்று கேட்டேன். “நானா விரும்பித்தான் போறன். என்னை ஒருத்தரும் போகச் சொல்லேல்ல. மட்ச் நடந்தா வீட்டிலயிருந்தே கேக்கும், அதுக்குத்தான்” என்றார். நானா விரும்பி என்று கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அப்பாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்றீர்கள். அதற்குப் பிறகு நீ கண்டிக்கு எத்தனையோ முறை வந்து போயிருக்கிறாய், எங்கள் வீட்டில் இருந்து பல்லேகலை பஸ்ஸில் சில நிமிடங்கள்தான். ஒருமுறையும் நீ அங்கே போகவில்லை. உனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. உனக்கு வெட்கம். அது எனக்குத் தெரிந்ததால்தான் அந்தக் கார்ட்டை உன்னிடம் தந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஹோலில் சாப்பாடு ருசி பார்த்துவிட்டு வந்து, எங்களோடு இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு, மாமி வீட்டுக்குப் போய் அப்படியே கொழும்புக்குப் போகிறேன் என்று காரை எடுத்தாய். இருட்டிய பிறகு அந்த மைசெல்ஃப் செய்தி வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. புதன்கிழமை காலை, அம்மாவிடம் மின்சாரக் கட்டணம் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல்லேகலைக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா என்னைக் கண்டதும் எதிர்பார்த்திருந்தவர் போல வாசலுக்கு வந்தார். இருக்கச் சொன்னார். நான் வாங்கிப் போன பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, நான் வாய் திறக்க முன்னரே தொடங்கிவிட்டார்.

“தம்பி வந்தவன், உனக்குச் சொன்னவனோ? அவனே வந்தவன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தானே கார் ஓடிக்கொண்டு வந்து, கேற்றடியில நிப்பாட்டிப்போட்டு, தன்ர கையாலேயே கார்ட்டைத் தந்தவன்.”

ஒரே மூச்சில் எத்தனை அழுத்தம் என்று நீயே பார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நல்லது அக்கா, கார்ட்டை ஒருக்கால் தாருங்கோ, ஹோலின் பெயரைச் சரியாக அடித்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும் என்றேன். கார்ட் அலுமாரிக்குள் இருக்கிறது, அலுமாரித் திறப்பைக் காணவில்லை என்றார். திறப்பு அவருடைய சட்டையில் ஊசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உடனே சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நீ வந்த கதையைத் தொடர்ந்தார். நீ நீலச் சேட்டுப் போட்டிருந்தாயாம். மெலிந்துபோனாயாம். அன்றைக்கு மைதானத்தில் மட்ச் நடந்ததாம். வந்த உடனே டிவியை நீயே போட்டாயாம், சத்தத்தையும் நீயே கூட்டி வைத்தாயாம். மைதானத்துச் சத்தம் முதலில் யன்னலால் வரும், டிவியில் படம் பிறகுதான் வரும், அதனால் விக்கெட் விழுவது இந்த வீட்டில் முன்கூட்டியே தெரியும் என்று அவர் காட்ட, நீ கைகொட்டிச் சிரித்தாயாம். அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு கடைசி ஓவர் முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் போனாயாம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நிறுத்தியிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மட்ச் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு மீதியில் நம்பிக்கை போய்விட்டது. மட்ச் நாட்களில் அந்த ஒழுங்கைக்குள் ஒரு வாகனமும் வரமுடியாது. அதைப் பற்றி ஒவ்வொரு முறையும் கோல் எடுத்து என்னிடம் முறைப்பாடு சொல்பவரே அவர்தான். ஆனாலும் உன்னில் அநியாயமாகக் குற்றம் சாட்டக்கூடாது என்று, வெளியே வந்து சந்தியில் இருந்த பலசரக்குக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் மடவளை ஊர்க்காரர், என்னைப் பஸ்ஸில் கண்டு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்தப் பக்கம் கார் ஏதும் வந்ததா என்று பொதுவாகக் கேட்டேன்.

“எங்க சேர் வாற? காலையிலயே பொலிஸ் ரோட்டை மூடிட்டாங்க. பாண் வண்டியையும் உள்ளுக்கு விடல்ல. நானும் பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வந்துதான் கடை தொறந்த” என்றார்.

அவர் எதையும் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சந்தியில் நின்று ஒரு சோடா குடித்தேன். முதலில் உன்மேல் கோபம் வந்தது. வளர்ந்த பிள்ளை, பெரிய வேலை, தகப்பனுக்கு இப்படி ஒரு பொய்யா என்று. பிறகு அக்காவின் மேலும் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நீலச் சேட்டு மண்டையில் தட்டியது. நீ வராத வீட்டில், நீ அன்றைக்கு உண்மையாகவே போட்டிருந்த சேட்டின் நிறம் எப்படித் தெரிந்தது? யாரோ கோல் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் மின்சாரக் கட்டணம் கட்டப் போவதில்லை என்பதும் அந்த யாரோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகவே கேட்டேன். நான் ஏன் மச்சாளுக்குக் கோல் எடுக்கப்போகிறேன் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டார். தேங்காய் ஏற்கெனவே துருவி வைத்திருந்தது. இந்த வீட்டில் நான் யாரைத்தான் நம்புவது என்று நீ சொல்லு.

இனி நடந்தது என்னவென்று நான் ஊகித்ததைச் சொல்கிறேன். பிழையென்றால் திருத்து. நீ உண்மையாகவே போகத்தான் புறப்பட்டாய். கார்ட்டும் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கும். சந்தியில் பொலிஸ்காரர் தடுப்பைப் போட்டு நிறுத்தி, உள்ளே போகமுடியாது என்று கையால் காட்டியிருப்பார். காரை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே போயிருக்கலாம், கொஞ்சத் தூரம்தான். நீ நடக்கவில்லை. அந்தப் பொலிஸ்காரருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினாய். வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் கிடந்த கார்ட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாய். அதனால்தான் நான் கேட்டதும் சொன்னேன் என்று மட்டும் எழுத உன் கை வரவில்லை, மைசெல்ஃப் என்பதையும் சேர்த்து எழுதியது. பிறகு பயந்துபோய் அம்மாவுக்குக் கோல் எடுத்தாய், அம்மா மாமிக்கு எடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சந்தேகக்காரனைச் சமாளித்தீர்கள். இதுவரை நான் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என்னை அலைக்கழிப்பது வேறு. அம்மா சொல்லிக் கொடுத்தது, வந்தான் என்று சொல்லுங்கோ, நீலச் சேட்டு என்று சொல்லுங்கோ என்ற அளவில்தான் இருந்திருக்கும். மிச்சத்தை யார் சொல்லிக் கொடுத்தது? டிவியை நீ போட்டதை அம்மா சொல்லியிருக்கமாட்டார், அவருக்கு அதெல்லாம் தோன்றாது. நீ நிலத்தில் இருந்ததை, கைகொட்டியதை, கடைசி ஓவர்வரை நின்றதையெல்லாம் அக்கா தானாகத்தான் சேர்த்திருக்கிறார். பொய் சொல்பவர்கள் ஒரு இடத்தில் தடக்குவார்கள், மேசன் பாஸ் தடக்கினார், ஹோல் முகாமையாளர் தடக்கினார், நீயும் தடக்கினாய். திறப்பில் தடக்கிய அவர் உன்னைப் பற்றிய கதையில் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. பலமுறை நினைத்து நினைத்துப் பார்த்த ஒன்றைச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு அவர் போன நாளிலிருந்து நீ இப்படித்தான் வருவாய் என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் இத்தனை வருடம் மனிதர்களைச் சந்தேகித்துப் பழகியவன், அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றும் பொய்யென்று தெரிந்தும் என்னால் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. புறப்படும்போது, ஓமக்கா, அவன் எனக்கும் சொன்னவன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை அவர் கண்டிருப்பார்.

ஆகவே தம்பி, நீ பொய் சொன்னதற்கு நான் உன்னைத் தண்டிக்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கவும் சொல்லமாட்டேன். அங்கே போய் மாமி என்னை மன்னியுங்கோ என்று தொடங்கினால், அவர் எனக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று அவருடைய முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அவர் அந்த ஒழுங்கை முழுக்க மருமகன் வந்தவன் என்று சொல்லி வைத்திருப்பார், ரோட் மூடியிருந்தது தெரிந்த அயலவர்களும் தலையாட்டியிருப்பார்கள். நீ கார்ட்டை எடுத்துக்கொண்டு போ. கார் கேற்றடிவரை போக, மட்ச் இல்லாத நாளாகப் பார்த்துப் போ, பழைய ஆட்டம் ஏதாவது டிவியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீலச் சேட்டையே போட்டுக்கொண்டு போ. சாப்பிட இடியப்பம் தருவார், சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாயாம், ஆகவே கேட்டு வாங்கு. யன்னலுக்குக் கீழே நிலத்தில் இரு. கல்யாணத்துக்கு முதல்நாளே வந்து நிற்கவேண்டும் என்று நீ சொன்னாயாம், அதற்கு அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். யோசித்து முடிந்ததா என்று கேள்.

இதைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் அனுப்பவேண்டாம், சொன்னேன் என்றும் வேண்டாம், மைசெல்ஃப் என்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முன்கதவைத் தட்டாதே. காரைக் கேற்றடியில் விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி, குசினிப் பக்கத்தால் மாமி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாய் என்றுதான் அவர் சொன்னவர்.

அப்பா